கபர்ஸ்தான் ஆலமரத்து வௌவால்களை விரட்டலாமா?



கபர்ஸ்தானின் பின்புறம் நிற்கும் ஆலமரத்தைப் பற்றி ஜமாஅத் கூட்டத்தில் பேச்சு வந்தது. மஃரிப் தொழுதுவிட்டு வெளியே வரும் நேரத்தில் அந்த மரத்திலிருந்து வௌவால்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பிப் போவதைப் பார்க்காதவர் நம் மஹல்லாவில் இல்லை. கேரளாவில் நிபா காய்ச்சல் என்று தொலைக்காட்சியில் செய்தி வரும் ஒவ்வொரு தடவையும் அந்த மரத்தைப் பற்றிய பயமும் கூடவே வருகிறது. பட்டாசு வெடித்து விரட்டிவிடலாம் என்றார்கள் இளைஞர்கள். கிளைகளை வெட்டிவிட்டால் தானாகப் போய்விடும் என்றார் ஒரு பெரியவர். அத்தா காலத்து மரம், அதன் நிழலில் எத்தனை பேரை அடக்கியிருக்கிறோம் என்று இன்னொருவர் மறுத்தார். முடிவு எட்டவில்லை. விவரம் அறிந்து இந்த இதழில் எழுதும்படி எங்களிடம் சொன்னார்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். விரட்ட வேண்டாம். வாயில்லா ஜீவன் என்ற இரக்கம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் நம் பிள்ளைகளின் பாதுகாப்பு. விரட்டினால் ஆபத்து குறையாது, கூடும். அது எப்படி என்று புரிய, வௌவாலின் உடம்புக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். அதற்கு முன் கேரளாவில் நடந்ததைச் சரியாகத் தெரிந்துகொள்வோம். நம் ஊரில் பாதி பயம் அரைகுறைச் செய்தியால் வந்தது.

2018 மே மாதம், கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிரா பக்கத்தில் ஒரு முஸ்லிம் குடும்பம். வீட்டுப் பிள்ளை ஒருவர் காய்ச்சலில் இறந்தார். சில நாட்களில் அவருடைய அண்ணனும் அதேபோல் காய்ச்சலும் மூளை வீக்கமுமாக மருத்துவமனைக்கு வந்தபோதுதான் மருத்துவர்களுக்குச் சந்தேகம் தட்டியது. மாதிரிகள் மணிப்பாலுக்கும் புனே தேசிய வைராலஜி நிறுவனத்துக்கும் போயின. நிபா என்று உறுதியானது. அந்த அண்ணனும், தந்தையும், தந்தையின் சகோதரியும் இறந்தார்கள். முதல் நோயாளியைக் கவனித்த பேராம்பிரா அரசு மருத்துவமனைச் செவிலியர் லினி மே 21 அன்று இறந்தார். அந்தத் தடவை அரசுக் கணக்கில் 17 பேர் மரணம். உறுதியான நோயாளிகளில் பிழைத்தவர்கள் 2 பேர் மட்டுமே.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வௌவாலிடமிருந்து நேராக நோய் வாங்கியவர் முதல் ஆள் ஒருவர்தான். மற்ற எல்லோருக்கும் மனிதரிடமிருந்து மனிதருக்கு வந்தது. படுக்கை அருகில் உட்கார்ந்து வாந்தியைத் துடைத்தவர், பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்குத் துணையாக வந்தவர், ஸ்கேன் எடுக்க நடைவழியில் காத்திருந்தவர், இப்படித்தான் அது பரவியது.

அப்போது இன்னொன்றும் நடந்தது. அந்தக் குடும்பம் சுத்தம் செய்த கிணற்றில் வௌவால்கள் இருந்தன. 'கிணற்று வௌவால்தான் காரணம்' என்று நாடெங்கும் செய்தி பறந்தது. பிடித்துச் சோதித்தார்கள். ஒன்றிலும் வைரஸ் இல்லை. காரணம் எளிது. கிணற்றில் இருந்தவை பூச்சி தின்னும் சின்ன வௌவால்கள். நிபாவைச் சுமப்பது மரத்தில் தலைகீழாகத் தொங்கும் பெரிய பழந்தின்னி வௌவால். இறக்கையை விரித்தால் நான்கடி வரும், எடை ஒரு கிலோவைத் தொடும். பிறகு அந்தப் பகுதியில் பழந்தின்னிகளைப் பிடித்துச் சோதித்தபோது அவற்றில் சிலவற்றில் நிபா கிடைத்தது. அந்த வைரஸின் மரபணுவையும் நோயாளிகளிடம் எடுத்த வைரஸின் மரபணுவையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டார்கள். 99.7 முதல் 100 சதவீதம் வரை ஒன்றாக இருந்தன. எந்தப் பழத்தின் வழியாக வந்தது என்பதை மட்டும் கடைசிவரை நிரூபிக்க முடியவில்லை.

ஆகவே நம் பழைய வீட்டு மாடத்திலும் பள்ளிவாசல் மினாராவின் இடுக்கிலும் தங்கும் சின்ன வௌவால்களைப் பார்த்து நிபா என்று பதற வேண்டியதில்லை. அவை இரவெல்லாம் பூச்சி பிடித்துத் தின்கின்றன. இந்தத் தொழிற்பேட்டைப் பக்கத்தில் கொசுக்கடியில் படுக்கும் நமக்கு அவை செய்வது உபகாரம்.

சரி, நம் மரத்தில் இருப்பவை பெரியவைதானே என்று கேட்பீர்கள். ஆமாம். மறைக்க ஒன்றும் இல்லை. புனே நிறுவனம் பல மாநிலங்களில் பழந்தின்னி வௌவால்களைச் சோதித்து 2023இல் சொன்ன பட்டியலில் தமிழ்நாடும் புதுச்சேரியும் இருக்கின்றன. கேரளா, கர்நாடகா, மகாராஷ்டிரா, மேற்கு வங்கம், அஸ்ஸாம், பீகார் எல்லாம் இருக்கின்றன. இந்த வௌவால்களின் இரத்தத்தில் நிபாவுக்கு எதிரான ஆன்டிபாடி காணப்பட்டது. ஆன்டிபாடி இருக்கிறது என்றால் அந்த வௌவாலுக்கு எப்போதோ வைரஸ் தொற்றி, அதன் உடம்பு அதை எதிர்கொண்டிருக்கிறது என்று பொருள். இப்போது வைரஸ் இருக்கிறது என்று பொருள் அல்ல. சின்ன வயதில் அம்மை போட்டவரின் இரத்தத்தில் அதன் அடையாளம் இருக்கும், ஆனால் அவர் இன்று யாருக்கும் அம்மையைப் பரப்ப மாட்டார். அதுபோலத்தான். இதை எழுதும் நாள்வரை தமிழ்நாட்டில் மனிதர் யாருக்கும் நிபா உறுதியானதாகத் தெரியவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

இனி, எங்களுக்கே வியப்பாக இருந்த பகுதிக்கு வருகிறோம். மனிதரில் பத்துப் பேருக்கு வந்தால் நான்கு முதல் ஏழு பேரைக் கொல்லும் வைரஸைச் சுமந்துகொண்டு இந்த வௌவால் எப்படி நோய் இல்லாமல் பறக்கிறது?

காரணம் பறப்பதில்தான் இருக்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் நினைக்கிறார்கள். பாலூட்டிகளில் உண்மையாகப் பறக்கத் தெரிந்தது வௌவால் ஒன்றுதான். பறக்கும்போது அதன் உடம்பு கொதிக்கிறது. சிறிய வௌவால்களின் இதயம் நிமிடத்துக்கு 900 தடவைக்கும் மேல் துடிக்கும். இவ்வளவு வேலை செய்யும் செல்களில் சேதம் ஏற்படும், செல்லின் மரபணுத் துணுக்குகள் உடைந்து சிதறும். நம் உடம்பில் இப்படித் துணுக்குகள் சிதறினால் 'எதிரி வந்துவிட்டான்' என்று எச்சரிக்கை மணி அடித்து, காய்ச்சலும் வீக்கமுமாகப் போர் தொடங்கிவிடும். இரவுதோறும் பறக்கிற பிராணிக்கு இரவுதோறும் அந்தப் போர் நடந்தால் அது எப்படிப் பிழைக்கும்? ஆகவே அதன் உடம்பில் அந்த மணியின் சத்தம் குறைக்கப்பட்டிருக்கிறது. 'ஸ்டிங்' என்று பெயர் சூட்டப்பட்ட ஒரு புரதம் நம் உடம்பில் அந்த மணியின் கயிறு. ஆராய்ந்த வௌவால் இனங்கள் எல்லாவற்றிலும் அந்தப் புரதத்தின் ஒரே ஒரு இடம், 358ஆவது இடம், மாறியிருப்பதை 2018இல் கண்டார்கள். அந்த ஒரு மாற்றத்தால் கயிறு தளர்ந்துவிடுகிறது. அடுத்த ஆண்டு சிங்கப்பூரில் லின்ஃபா வாங் குழுவினர், வீக்கத்தைத் தூண்டும் இன்னொரு புரதமும் வௌவாலில் அடக்கமாகவே வேலை செய்கிறது என்று காட்டினார்கள்.

மணியைத் தளர்த்திவிட்டால் உண்மையான எதிரி வரும்போது என்ன ஆகும்? அதற்கும் ஏற்பாடு இருக்கிறது. வைரஸ் வந்த பிறகுதான் நம் செல்கள் இன்டர்ஃபெரான் என்ற காவல் பொருளை அதிகமாகச் சுரக்கும். ஆஸ்திரேலியாவின் கருப்புப் பழந்தின்னி வௌவாலில் அந்தக் காவல் நோய் இல்லாத நாளிலும் ஓரளவு விழித்தே இருக்கிறது. வாசலில் காவலாளி தூங்குவதில்லை, ஆனால் திருடன் வந்தான் என்று வீட்டையே கொளுத்துவதும் இல்லை. கொரோனாவில் நம் சொந்தங்கள் பலர் இறந்தது வைரஸின் தாக்குதலால் மட்டும் அல்ல, உடம்பு அடங்காமல் நடத்திய போராலும்தான் என்பது நினைவிருக்கும். அந்த அடக்கத்தைப் படைத்தவன் இந்தச் சின்ன ஜீவனுக்குக் கொடுத்திருக்கிறான். இதன் பலன் ஆயுளிலும் தெரிகிறது. சுண்டெலி இரண்டு மூன்று ஆண்டுகளில் இறந்துவிடும். ஏறக்குறைய அதைவிடவும் எடை குறைந்த, 7 கிராம் உள்ள ஒரு வௌவால் சைபீரியாவில் 41 ஆண்டுகள் வாழ்ந்தது பதிவாகியிருக்கிறது.

இந்த ஆராய்ச்சியை வௌவாலின் மீது ஆசைப்பட்டு மட்டும் யாரும் செய்யவில்லை. அடக்கமாகப் போரிடும் அந்த வித்தையை மருந்தாக்க முடியுமா, மூட்டு வீக்கத்துக்கும் முதுமைக்கும் பயன்படுமா என்ற தேடல் அதன் பின்னால் இருக்கிறது.

ஆகவே வௌவாலும் வைரஸும் நெடுங்காலமாக ஒரு சமாதானத்தில் இருக்கின்றன. குட்டி பிறக்கும்போது தாயின் ஆன்டிபாடியோடு பிறக்கிறது. சில மாதங்களில் அது வடிந்துவிடும், குட்டிக்குத் தொற்று வரலாம். பெரியவற்றிலும் ஆண்டுகள் போகப் போக எதிர்ப்பு குறையும். கூட்டத்தில் எதிர்ப்பு இல்லாதவை அதிகமாகும்போது வைரஸ் ஒரு சுற்று வரும், பிறகு அடங்கும். வங்கதேசத்தின் ஃபரித்பூரில் ஆண்டுக்கணக்கில் ஒரே கூட்டங்களைப் பிடித்துப் பிடித்துச் சோதித்து இதைக் கண்டுபிடித்தார்கள். எந்த ஒரு நாளிலும் எச்சிலிலும் சிறுநீரிலும் வைரஸை வெளியேற்றும் வௌவால்கள் மிகச் சிலவே.

அந்தச் சமாதானம் கெடுவது எப்போது? பசியிலும் தொல்லையிலும்தான். நிபாவின் நெருங்கிய உறவான ஹெண்ட்ரா வைரஸ் ஆஸ்திரேலியாவில் வௌவாலிலிருந்து குதிரைக்கும் குதிரையிலிருந்து மனிதருக்கும் வருகிறது. 25 ஆண்டுகளின் பதிவுகளை அடுக்கிப் பார்த்து 2022இல் ஆராய்ச்சியாளர்கள் சொன்னது இது: குளிர்காலத்தில் பூக்கும் காடுகளை அழித்ததால் இரை இல்லாமல் வௌவால்கள் ஊர்ப்பக்கம் வந்தன, அந்த ஆண்டுகளில்தான் தொற்று தாவியது. மிச்சமிருந்த காட்டில் பூ நன்றாகப் பூத்த ஆண்டில் வௌவால்கள் காட்டுக்கே திரும்பின, தொற்றும் இல்லை.

கொன்று தீர்த்துவிடலாம் என்று செய்து பார்த்த ஊரும் உண்டு. உகாண்டாவில் கிட்டாக்கா என்ற சுரங்கத்தில் 2007இல் தொழிலாளர்களுக்கு மார்பர்க் காய்ச்சல் வந்தது. அங்கிருந்த பழந்தின்னி வௌவால்களை அடியோடு அழித்தார்கள். சில ஆண்டுகளில் புதிய வௌவால்கள் வந்து குடியேறின. 2012இல் பக்கத்து ஊரில் முன்பைவிடப் பெரிதாக நோய் வந்தது. திரும்பப் போய்ச் சோதித்தால், முன்பு நூற்றுக்கு 5 அளவில் இருந்த தொற்று 13க்கு ஏறியிருந்தது. எதிர்ப்பு பெற்ற மூத்த வௌவால்கள் செத்துவிட்டன, எதிர்ப்பில்லாத புதியவை ஒரே இடத்தில் நெருங்கின, வைரஸுக்கு வசதியாகிவிட்டது.

நம் மரத்தடியில் பட்டாசு வெடித்தால் நடக்கப்போவதும் இதன் சிறிய பதிப்புதான். அவை மாயமாகிவிடாது. கலைந்து, பதறி, நம் வீட்டுக் கொல்லைக் கொய்யாவிலும் சப்போட்டாவிலும் வந்து தொங்கும். தொலைவில் இருந்ததைத் தலைக்கு மேல் கொண்டுவந்தவர்களாவோம்.

சட்டமும் மாறிவிட்டது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் பழந்தின்னி வௌவாலைக் காக்கை, எலியோடு சேர்த்துத் தொல்லைப் பிராணிகள் பட்டியலில் வைத்திருந்தது. 2022 திருத்தத்தில் அந்தப் பட்டியலே நீக்கப்பட்டது. இப்போது அவற்றை வேட்டையாடுவது குற்றம். இளைப்புக்கு மருந்து என்று வௌவால் கறி தேடுகிறவர்கள் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். அதில் மருந்து எதுவும் இல்லை, அறுக்கும் கைக்கு ஆபத்து உண்டு. 2025இல் சேலம் மாவட்டத்தில் வௌவால்களைச் சுட்டுக் கோழிக்கறி என்று விற்றதாக இருவரை வனத்துறை கைது செய்தது. வெளியில் சில்லி சிக்கன் வாங்கும்போது ஹலாலா என்று மட்டும் கேட்கும் நாம், கோழிதானா என்றும் கேட்க வேண்டிய காலம்.

இந்த இடத்தில் ஒரு பெயரைச் சொல்ல ஆசைப்படுகிறோம். தேனி மாவட்டம் மேகமலையில் 1948இல் பிடித்த ஒரு வௌவாலைச் சாதாரண இனம் என்று பம்பாய் அருங்காட்சியகத்தில் வைத்திருந்தார்கள். 1972இல் தாய்லாந்து ஆய்வாளர் கிட்டி தோங்லோங்யா அதை எடுத்துப் பார்த்து, உலகம் அறியாத இனம் என்று கண்டு, பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் பெயரை அதற்குச் சூட்டினார். நம் சமுதாயத்தில் பிறந்த ஒருவரின் பெயரோடு நம் மாநிலத்து மலையில் பறக்கும் அபூர்வ வௌவால் அது. மதரஸா பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

விரட்டாமல் இருந்தால் மட்டும் போதுமா? போதாது. ஆபத்து சிறியது, ஆனால் இல்லை என்று சொல்ல மாட்டோம்.

அணிலோ வௌவாலோ கடித்த பழத்தைச் சாப்பிடக் கூடாது. கடித்த இடத்தை அரிந்து போட்டுவிட்டு மீதியைத் தின்னும் சிக்கனம் நம் வீடுகளில் உண்டு. அதை விட்டுவிடுங்கள், ஆட்டுக்கும் போடாதீர்கள். மலேசியாவில் 1998இல் முதன்முதலாக நிபா தோன்றியபோது, பண்ணையில் நின்ற பழமரங்களிலிருந்து வௌவால் தின்று போட்ட பழத்தைப் பன்றிகள் தின்றதுதான் தொடக்கம் என்கிறார்கள். 265 பேருக்கு நோய், 105 பேர் மரணம். கீழே விழுந்த மாம்பழம் முழுதாக இருந்தாலும் கழுவித் தோல் சீவி உண்ணுங்கள். கடையில் வாங்கும் நல்ல பழத்துக்குப் பயப்பட வேண்டாம். 2018இல் கேரளப் பழத்தை வளைகுடா நாடுகள் தடுத்தபோது வியாபாரிகள் பட்ட பாடு நம் சொந்தங்களுக்குத் தெரியும். நோன்பு திறக்கும் நேரத்துப் பழத்தட்டை விட்டுவிடாதீர்கள், கழுவிவிட்டு வையுங்கள்.

பதநீர் குடிப்பவர்கள் மூடி கட்டிய கலயத்தில் இறக்கியதை, காய்ச்சிக் குடிக்கலாம். வங்கதேசத்தில் குளிர்காலத்தில் ஈச்ச மரத்துச் சாற்றைப் பச்சையாகக் குடிப்பதால்தான் பலருக்கு நிபா வருகிறது. இரவில் வௌவால் அந்தக் கலயத்தில் வாய் வைத்துவிடும். மேற்கு வங்கத்திலும் 2001இல் சிலிகுரியிலும் 2007இல் நதியா மாவட்டத்திலும் நோய் வந்திருக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் வங்காள, அஸ்ஸாம் சகோதரர்கள் நம் ஜும்ஆவிலும் நிற்கிறார்கள். ஊருக்குப் போகும்போது பச்சைச் சாறு வேண்டாம் என்று அன்பாகச் சொல்லுங்கள். இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்கிறோம். அவர்களில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அறையைக் காலி செய்யச் சொல்லாதீர்கள். 2020இல் ஒரு நோயின் பெயரால் ஒரு சமுதாயத்தையே சுட்டிக்காட்டியபோது நாம் எப்படி வெந்தோம்! பயத்தில் காய்ச்சலை மறைப்பவர் மருத்துவமனைக்குப் போக மாட்டார், அப்போதுதான் எல்லோருக்கும் ஆபத்து.

கடும் காய்ச்சலோடு தலைவலி, வாந்தி, மயக்கம், பேச்சுத் தடுமாற்றம், மூச்சுத் திணறல் வந்தால் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். 104க்குப் பேசுங்கள், 108ஐ அழையுங்கள். நோயாளியை நலம் விசாரிப்பது நமக்குச் சுன்னத். ஆனால் காரணம் தெரியாத காய்ச்சலில் கூட்டமாகப் போய்க் கட்டிலைச் சுற்றி உட்கார வேண்டாம். ஒருவர் மட்டும் முகக்கவசத்தோடு துணைக்கு இருக்கட்டும், மற்றவர்கள் துஆ செய்யட்டும், செலவுக்கு உதவட்டும். ஷாம் நாட்டில் கொள்ளைநோய் என்று கேள்விப்பட்டு, ஸர்க் என்ற இடம்வரை போன உமர் (ரலி) அவர்கள் ஆலோசனை கேட்டுத் திரும்பினார்கள். தவக்குல் இல்லாதவர்களா அவர்கள்?

மையித்து விஷயம் கடினமானது. ஆனாலும் பேசித்தான் ஆக வேண்டும். இப்படிப்பட்ட தொற்றில் இறந்தவரை மருத்துவர்கள் குளிப்பாட்ட வேண்டாம் என்றால் அதை மீறாதீர்கள். தயம்மும் போன்ற சலுகைகள் மார்க்கத்திலேயே இருக்கின்றன, கொரோனா காலத்தில் கண்ணீரோடு அவற்றைக் கடைப்பிடித்தோம். விளக்கம் வேண்டுவோர் ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கீழே விழுந்த வௌவாலைப் பிள்ளைகள் கையால் தொடக் கூடாது. கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநோய்த் தடுப்பூசி தேவைப்படலாம்.

மரத்துக்குத் திரும்புவோம். நேரில் போய்ப் பார்த்தோம். மரத்தில் செய்ய ஒன்றும் இல்லை, மரத்தடியில்தான் வேலை இருக்கிறது. ஒளூவுக்கான தண்ணீர்த் தொட்டி கிளைகளுக்கு நேர் கீழே திறந்து கிடக்கிறது. சந்தூக் வைக்கும் கொட்டகையின் தகரம் ஓட்டை. ஜனாஸாத் தொழுகைக்குப் பாய் விரிப்பதும் அந்த நிழலில்தான். தொட்டிக்கு மூடி போட்டு, கொட்டகைக்குப் புதுத் தகரம் அடித்து, தொழும் இடத்தைக் கேட்டுப் பக்கம் மாற்றிவிட்டால் போதும் என்று அடுத்த கூட்டத்தில் சொல்லப்போகிறோம். தகர வேலை தெரிந்தவர்கள் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு எங்களைப் பாருங்கள். கூலி கொடுத்துவிடுகிறோம், அளவு மட்டும் இந்த வாரமே எடுத்துவிட வேண்டும்.